ஒரு இருமலுக்குக் குதிரை

வசந்தகுமாரிக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி. வேளாவேளைக்கு வந்துவிடும். பால் வந்தால் விரலை விட்டுப் பார்ப்பாள். காஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்து, "இது முக்கால்தான்யா இருக்கு" என்பாள். ரவிக்கை தைக்கக் கொடுத்தால், மிச்சத் துணி எங்கே என்று தையற்காரனைக் குடைந்து எடுத்துவிடுவாள். அதற்காக அவளைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கஷ்டம் என்று வாசலில் வந்து நின்றவர்களை அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கொடுத்து அனுப்பிவிட்டு, நிஜமாகவே கஷ்டம்தானா என்று தெருமுனை வரை எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். கணவர் சண்முகசுந்தரம் தொழிற்சாலையில் ஃபவுண்டரி ஃபோர்மேன். இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றுகிற இடம் அது. அவர் வாயைத் திறந்தால் அந்தக் கதைதான். "உள்ள கத்தினாலும் காது கேக்காதுடி. எல்லாம் சைகைதான். விரலை இப்படி ஆட்டினா கிரேன் மேல போகும், உள்ளங்கையைக் கவுத்தா இறங்கும்" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு மேலேயே ஆட்டிக் காட்டுவார். ரசம் தெறிக்கும்.

அது எண்பத்தெட்டாம் வருஷம். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் செஸ்ஸில் பெரிய பட்டம் வாங்கிவிட்டான் என்று பேப்பரில் வந்தாலும் வந்தது, மெட்ராஸ் முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. குவார்ட்டர்ஸ் மகளிர் மன்றம் மட்டும் தப்புமா? செயலாளர் புஷ்பா, "கோலப் போட்டி, மியூசிகல் சேர் எல்லாம் போதும்டி அம்மா. இந்தத் தடவை செஸ்" என்று அறிவித்துவிட்டாள். தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆடத் தெரியாதா, பரவாயில்லை, சொல்லித்தரப்படும். முதல் பரிசு பெரிய எவர்சில்வர் குடம்.

சொல்லித்தர வந்தவள் கஸ்தூரி, அடுத்த பிளாக்கில் இருந்த காலேஜ் பெண்.

"ஆரம்பத்துல மூணு வேலைதான் ஆன்ட்டி. நடுக் கட்டத்தைப் பிடிங்க. குதிரையையும் பிஷப்பையும் சீக்கிரம் வெளியே கொண்டுவாங்க. ராஜாவைக் கோட்டைக்குள்ள வெச்சுப் பூட்டுங்க. அதெல்லாம் முடியறதுக்கு முன்னாடி ராணியைத் தெருவுல திரிய விடாதீங்க."

"இங்கேயும் பொம்பளைதான் வீட்டுக்குள்ள இருக்கணுமா?" என்று வசந்தகுமாரி கேட்க, கூடமே சிரித்தது.

இன்னொன்றும் கஸ்தூரி சொன்னாள். ராணியையும் பிஷப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, எதிராளி ராஜாவின் பக்கத்தில் இருக்கிற சோதாச் சிப்பாயைக் குறிவைத்து, நாலே நகர்த்தலில் ஆட்டத்தை முடிக்கிற தந்திரம். "இதுல மாட்டிக்காதீங்க" என்று எச்சரிக்கையாகத்தான் சொன்னாள். மற்றவர்கள் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு மறந்துபோனார்கள். வசந்தகுமாரி தந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். அதை வைத்தே ஒவ்வொருத்தியாகச் சாய்த்து இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டாள். குவார்ட்டர்ஸில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பில் எல்லாருக்கும் பிடித்துப்போனது 'ஃபோர்க்'. ஒரே காய், எதிராளியின் இரண்டு காய்களை ஒரே நேரத்தில் தாக்குவது. கஸ்தூரி அதைப் பலகையில் காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கவட்டை மாரி கீது."

அந்தக் குரல் பூங்காவனத்துடையது. வெள்ளானூர்க்காரி. அவள் மாமனார் காலம் வரைக்கும் வயல் வேலை. அவள் புருஷன் துலுக்கானம் ஃபவுண்டரியில் சண்முகசுந்தரத்தின் கீழே கேஷுவல் ஆள். வகுப்புக்கு அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவான். அவள் ஆடி முடிக்கிற வரை ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பான்.

"அந்த ரெண்டுல ஒண்ணு ராஜாவா இருந்தா இன்னா பண்றது?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"வேற வழியே இல்லக்கா. ராஜாவைத்தான் காப்பாத்தணும். இன்னொண்ணு போனா போனதுதான்."

பூங்காவனம் தலையாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி குனிந்துவிடுவாள். ஆனால் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டே வந்தாள்.

வசந்தகுமாரிக்கு மூக்கில் வியர்த்தது அரையிறுதியில்தான். புஷ்பாவும் பூங்காவனமும் ஆடினார்கள். புஷ்பா பி.எஸ்ஸி. படித்தவள், கணக்கில் புலி. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வசந்தகுமாரியின் காதில் வெளியிலிருந்து ஒரு இருமல் விழுந்தது. இருமல் அடங்கியது. பூங்காவனத்தின் கை குதிரைக்குப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இருமல். இந்தத் தடவை இரட்டையாக. அடங்கியதும் பூங்காவனம் பிஷப்பை நகர்த்தினாள்.

'ஓகோ' என்று நினைத்தாள் வசந்தகுமாரி.

அப்புறம் அவள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு ஜன்னல் பக்கமே நின்றாள். இருமல், நகர்த்தல். இருமல், நகர்த்தல். நீளமாக இழுத்து ஒரு இருமல் வந்தது, பூங்காவனம் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தாள். போதாதா? சைகையாலேயே கிரேனை ஓட்டுகிற கூட்டம் அது. இருமலால் ஒரு குதிரையை ஓட்ட முடியாதா அவனுக்கு? ஒரு இருமலுக்குக் குதிரை, இரண்டுக்கு பிஷப், இழுத்து இருமினால் கோட்டை. நடுவில் சில இருமல்கள் கணக்கில் ஒத்துவரத்தான் இல்லை. அதெல்லாம் ஏமாற்றுவதற்காகப் போட்ட பொய் இருமல் என்று அவளே தீர்த்துவிட்டாள்.

புஷ்பா தோற்றாள். இறுதி ஆட்டம் வசந்தகுமாரிக்கும் பூங்காவனத்துக்கும் என்று ஆனது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் மெல்லப் பேச்சைத் தொடங்கினாள். "துலுக்கானம்னு ஒருத்தன் உங்ககிட்ட வேலை செய்யறானே, ஆளு எப்படி?"

"நல்ல வேலைக்காரன். இந்த மாசம் கேஷுவல் ஆளுங்கள்ல கொஞ்சம் பேரை பர்மனென்ட் பண்றாங்க. அவன் பேரும் இருக்கு. மெடிக்கல் தேறிட்டா முடிஞ்சுது."

"அதுல என்ன பெரிய மெடிக்கல்?"

"உயரம், எடை, கண்ணு. நெஞ்சுல குழாய வெச்சுப் பாப்பாங்க. சும்மா பேருக்குத்தான். ஆனா ஃபவுண்டரி ஆளு இருமுறான்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன்னா எக்ஸ்ரேக்கு அனுப்பிடுவாங்க. மண்தூசி நெஞ்சுல இறங்கியிருந்தா ஆளு காலி. கேஷுவல் வேலையும் போயிரும்." அவர் மோரை ஊற்றிக்கொண்டார். "ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

பாருங்கள், பதிலைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார் மனிதர். அவள் காது அதைக் கேட்டால்தானே? அவள் காதுக்குள் அப்போது குதிரையும் பிஷப்பும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மன்றக் கூடம் நிறைந்திருந்தது. பரிசு கொடுக்கச் சண்முகசுந்தரத்தையே அழைத்திருந்தாள் புஷ்பா. இஸ்திரி போட்ட சட்டையில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் குடம் மின்னியது.

வசந்தகுமாரி உட்கார்ந்ததும் முதல் காரியமாக, "முகத்துல வெயில் அடிக்குது புஷ்பா, அந்த ஜன்னலைச் சாத்திரு" என்றாள்.

பூங்காவனம் சட்டென்று நிமிர்ந்தாள். "வேணாங்க்கா. அது தொறந்தே இர்க்கட்டும்."

"ஏன்?"

"இர்க்கட்டுங்க்கா" என்றாள் மறுபடியும். கெஞ்சுகிற குரல். வசந்தகுமாரிக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனசு பண்ணினாள்.

வெள்ளைக் காய் வசந்தகுமாரிக்கு. ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். பூங்காவனமும் அப்படியே தள்ளினாள். வசந்தகுமாரி பிஷப்பை வெளியே கொண்டுவந்தாள். வெளியே இருமல். அடங்கியது. பூங்காவனம் குதிரையை எடுத்து வைத்தாள்.

'ஒண்ணு' என்று வசந்தகுமாரி மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ராணியைத் தெருவில் இறக்கினாள். பலகையின் ஓரம் வரை போய் நின்ற ராணி, பிஷப்போடு சேர்ந்து அந்தச் சோதாச் சிப்பாயைக் குறிவைத்தது. அடுத்த நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும்.

இருமல் வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நீண்டது. பூங்காவனம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடங்கிய பிறகுதான் கையை நீட்டினாள். சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் தள்ளி ராணியை விரட்டினாள். ராணி பின்வாங்கி வேறு வழியாக அதே சிப்பாயைக் குறிவைத்தது. பூங்காவனம் இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து வழியை அடைத்தாள்.

நாலு நகர்த்தல் தந்திரம் அதோடு முடிந்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று வசந்தகுமாரிக்குத் தெரியாது. கோபம்தான் வந்தது. ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அந்தக் குதிரையை மிரட்டப் பார்த்தாள்.

இருமல். அடங்கல். பூங்காவனத்தின் முதல் குதிரை பலகையின் நடுவில் குதித்து நின்று, ராணியைத் தாக்கியது.

வசந்தகுமாரி ராணியை ஒரு கட்டம் பக்கத்தில் நகர்த்தினாள். அங்கிருந்து அந்தக் குதிரையையே முறைக்கலாம். நல்ல இடமாகத்தான் தெரிந்தது.

வெளியே இருமல் கேட்டு ஓய்ந்தது. பூங்காவனம் குதிரையை எடுத்தாள். வசந்தகுமாரியின் சிப்பாய் ஒன்றை வெட்டித் தூக்கிவிட்டு அந்த இடத்தில் குதிரையை வைத்தாள்.

"செக்கு" என்றாள் மெதுவாக.

வசந்தகுமாரி பார்த்தாள். குதிரைக்கு இந்தப் பக்கம் ராஜா. அந்தப் பக்கம் ராணி. போதாக்குறைக்கு மூலையில் யானை வேறு. ராஜாவை நகர்த்தித்தான் ஆக வேண்டும். ராணி போய்விடும். ராணி போனால் ஆட்டம் போய்விடும்.

நாற்காலி பின்னால் சாய எழுந்தாள். "நிறுத்துங்க. இது ஆட்டமே இல்ல!"

"என்னாச்சு வசந்தா?" புஷ்பா ஓடிவந்தாள்.

"இவ ஆடல. இவ புருஷன் ஆடறான். ஜன்னலுக்கு வெளியே உக்காந்துகிட்டு இருமி இருமிச் சொல்லிக்குடுக்கறான். அரையிறுதியிலேயே நான் கவனிச்சுட்டேன். ஒரு தடவை இருமினா குதிரை, ரெண்டு தடவைன்னா பிஷப்பு. இன்னிக்கு எல்லாரும்தான் கேட்டீங்களே!"

கூடம் கசமுசவென்றது. சண்முகசுந்தரம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த துலுக்கானம், ஃபோர்மேனைக் கண்டதும் பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கினான்.

"நீதானா? நானும் வந்ததிலேருந்து கேக்கறேன் துலுக்கானம், விடாம இருமுறே. என்னய்யா உடம்புக்கு? நெஞ்சுச் சளியா?"

துலுக்கானம் ஃபோர்மேனைப் பார்த்தான். அவர் தோளுக்குமேல் கூடத்துக்குள் நின்ற பெண்களைப் பார்த்தான். எழுந்து நின்றிருந்த பூங்காவனத்தைப் பார்த்தான்.

"ஒடம்புக்கு இன்னா சார், கல்லாட்டம் கீறேன்" என்றான். எச்சிலை விழுங்கினான். "அந்தம்மா சொல்றது நெசந்தான் சார். சிக்னல் குட்த்தேன்."

"யோவ்!" என்றாள் பூங்காவனம்.

அந்த ஒரு வார்த்தைதான். முகத்தில் ஈயாடவில்லை. ஃபோர்மேனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டாள்.

"தப்புதான் சார். பொம்பளைங்க ஆட்டந்தானேன்னு... மன்ச்சிருங்க."

கஸ்தூரி மட்டும், "ஆன்ட்டி, அங்கேருந்து போர்டே தெரியாதே" என்று ஆரம்பித்தாள். புஷ்பா விடவில்லை. "அவரே ஒத்துக்கிட்டாரேம்மா, அப்புறம் என்ன?" அரையிறுதியில் தோற்ற எரிச்சல் அவளுக்கும் இருந்தது. பூங்காவனம் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டாள். யாரோ 'சீ' என்றார்கள். துலுக்கானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, அவள் பின்னால் நடந்தாள். பூங்காவனம் கொண்டுவந்திருந்த குடை சுவரோரமாகவே கிடந்தது.

சண்முகசுந்தரம் பெண்டாட்டிக்குக் குடத்தைக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாளே பாத்திரக் கடையில் கொடுத்து, 'எஸ். வசந்தகுமாரி, செஸ் முதல் பரிசு' என்று குடத்தின் கழுத்தில் பேர் வெட்டிக்கொண்டு வந்தாள்.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. ஜெயித்தோம், வாயை மூடிக்கொண்டு குடத்தில் தண்ணீர் பிடிப்போம் என்று இருக்கிற ஜன்மமா அவள்? பேர் வெட்டின குடத்தைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோதே அது வந்துவிட்டது. வேளாவேளைக்கு வருகிற அதுதான்.

மாட்டிக்கொண்டவன் இப்படியா ஒத்துக்கொள்வான்? பால்காரனைப் பிடித்தபோதுகூட, மாடு மழையில் நனைந்துவிட்டது அம்மா என்றுதான் சொன்னான். தையற்காரன் துணி சுருங்கிப்போச்சு என்றான். திருட்டுத்தனம் செய்கிறவன் கடைசி வரை இல்லை என்றுதான் சாதிப்பான். இவன் கேட்ட மாத்திரத்தில் ஆமாம் என்கிறான். எங்கேயோ இடிக்கிறது.

மறுநாள் மன்றத்துக்குப் போனாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வேப்பமரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்த மாதிரியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக மின்விசிறி தெரிந்தது. எம்பிப் பார்த்தால் சுவர்க்கடிகாரம் தெரிந்தது. பலகை இல்லை, மேஜைகூட இல்லை.

சுவரோரம் கிடந்த குடையை எடுத்துக்கொண்டாள். வெள்ளானூர் போக அது ஒரு சாக்கு.

பஸ்ஸிலிருந்து இறங்கி விசாரித்துக்கொண்டு போனாள். வயலாக இருந்த இடத்தில் பிளாட்டுக் கல் நட்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு சந்து. சந்துக்குள் திரும்பும்போதே கேட்டது. அதே இருமல். ஒன்று. இரண்டு. இழுத்து ஒன்று. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி. அவள் கணக்குப்படி பார்த்தால் ஒரு குதிரைப் படையே இந்நேரம் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு பலகையில் மொத்தமே நாலு குதிரைதான். இங்கே பலகையும் இல்லை. யாருக்குச் சிக்னல் கொடுக்கிறான்?

வசந்தகுமாரி குடையைப் பிடித்துக்கொண்டு சந்திலேயே நின்றாள். அன்றைக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த பதில் இப்போதுதான் காதில் விழுந்தது. 'ஃபவுண்டரி ஆளு இருமுறான்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன்னா.'

கதவைத் திறந்த பூங்காவனம் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. குடையை வாங்கிக்கொண்டாள். உள்ளே இருமல் சட்டென்று நின்றது. துணியை வாயில் வைத்து அமுக்குகிற சத்தம் கேட்டது.

"அவருக்கு எவ்வளவு நாளா இப்படி?" என்றாள் வசந்தகுமாரி.

பூங்காவனத்தின் கண் மிரண்டது. "எப்படிக்கா? ஒண்ணுமில்ல. அது சும்மா..."

"எங்கிட்ட மறைக்காதே. நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல மாட்டேன்."

பூங்காவனம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இதுவரை வசந்தகுமாரி ஊரைப் பார்த்த பார்வை அது. தன்மேல் விழும்போதுதான் அது எப்படிச் சுடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஐப்பசி மயயிலேர்ந்து கீது" என்றாள் கடைசியில். "மார்க்கெட்டாண்ட டாக்டருகிட்ட காட்னோம். மண்ணுத்தூசிதான், இன்னும் முத்தல, மாத்திரை துன்னுட்டு தூசில நிக்காம இருந்தா சரியாப்பூடும்னாரு. தூசில நிக்காம எங்க நிக்கறது? பர்மனென்ட் ஆய்ட்டா ஆஸ்பத்திரி ஃப்ரீ. வேற செக்சன் கேட்டு வாங்கிக்கலாம். அதுக்குள்ள தெரிஞ்சிச்சுன்னா வெளிய தள்ளிருவாங்க. அதான்."

"அதுக்காக, திருட்டுத்தனம் பண்ணேன்னு அத்தனை பேர் முன்னாடி..."

"ஒங்க ஊட்டுக்காரு நெஞ்சுச் சளியான்னு கேட்டாரு. ஆமான்னா எக்ஸ்ரே. நீங்க சிக்னல்னு சொல்லி வெச்சிருந்தீங்க. ரெண்டே வயிதான் இருந்துச்சு. எது தாவலைன்னு பாத்தாரு. அவருக்கு ராஜா எது, மந்திரி எதுன்னுகூட தெரியாதுக்கா."

"நீ ஏன் வாயைத் திறக்கல? ஆடினது நீதானே? ஜெயிச்சது நீதானே?"

"அந்தக் கஸ்தூரிப் பொண்ணுதான் சொல்லிச்சே. ராஜாவத்தான் காப்பாத்தணும்னு."

சிரிக்காமல்தான் சொன்னாள். வசந்தகுமாரிக்கு இன்னும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. அதையும் கேட்காமல் அவளால் போக முடியாது.

"அப்ப ஒவ்வொரு தடவையும் அவர் இருமி முடிச்சதும்தான் நீ கையை வெச்சே. அது மட்டும் எப்படி?"

"அது இருமிகினு இருக்கறப்ப எனக்கு யோசனை ஓடாதுக்கா. நிக்கட்டும், நிக்கட்டும்னு மனசு அங்கயே இருக்கும். நின்னப்புறம்தான் பலகையே கண்ணுக்குத் தெரியும்." பூங்காவனம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதான் ஜன்னல மூடாதீங்கன்னேன். சத்தம் கேக்கலன்னா இன்னும் பயம்."

வசந்தகுமாரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். யாரையும் இப்படிக் கூட்டத்தில் நிறுத்தி உரித்ததில்லை. "நான் மன்றத்துல சொல்லிடறேன் பூங்காவனம். தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். குடத்தையும் கொண்டுவந்து குடுத்துடறேன்."

பூங்காவனம் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லாதீங்கக்கா. உங்க கால்ல வியறேன். சிக்னல் இல்லன்னா அப்ப அந்த இருமல் இன்னான்னு கேப்பாங்க. குடம் இந்த ஊட்ல இருந்தாலும் கேப்பாங்க. நாங்க திருட்டுப் பசங்களாவே இருந்துட்டுப் போறோம்."

ஆவடிக்குத் திரும்புகிற பஸ்ஸில் வசந்தகுமாரி யோசித்துப் பார்த்தாள். பூங்காவனத்தின் பேரைக் காப்பாற்றினால் துலுக்கானத்தின் வேலை போகும். வேலையைக் காப்பாற்றினால் பேர் போகும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒன்று போகத்தான் போகிறது. இந்தக் கவட்டையில் அவர்களைக் கொண்டுபோய் வைத்தவளே அவள்தான். கண்டக்டர் கொடுத்த மீதியை எண்ணிப் பார்க்கவும் மறந்துபோனாள்.

மெடிக்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் சண்முகசுந்தரம் காபி குடித்துக்கொண்டே, "வசந்தா, அந்தத் துலுக்கானம் விஷயம் எனக்கு உறுத்துதுடி" என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு அந்த இருமல் நிஜ இருமல் மாதிரிதான் எனக்குப் பட்டுது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வெக்கலாமான்னு பாக்கறேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஃபோர்மேன் நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு என்னையத்தான் கேப்பாங்க. நீதான் பக்கத்துலயே இருந்து கேட்டவ. சொல்லு. அது நிஜமாவே சிக்னல்தானா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் ஒரு பொய் சொன்னதில்லை. சொல்லவேண்டி வந்ததும் இல்லை. அடுத்தவர் பொய்களைப் பிடிப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

"சிக்னல்தாங்க" என்றாள். "சந்தேகமே இல்ல."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவர் கேட்டதே இல்லை. டம்ளரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஒரு தடவை இருமினா குதிரை. ரெண்டு தடவைன்னா பிஷப்பு. இழுத்து இருமினா ராஜாவைக் கோட்டைக்குள்ள வைன்னு அர்த்தம். நடுவுல ஏமாத்தறதுக்குன்னு சும்மாவும் இருமுவான். அரையிறுதியிலேருந்து நான் ஒவ்வொண்ணா கவனிச்சுக்கிட்டே வந்தேங்க. நம்மகிட்டயா?"

சண்முகசுந்தரம் வாய்விட்டுச் சிரித்தார். "உங்கிட்டேருந்து எவன்டி தப்ப முடியும்!" என்று மீதிக் காபியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

துலுக்கானத்துக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்த செய்தி குழாயடிக்குத்தான் முதலில் வந்து சேர்ந்தது. புஷ்பா முகத்தைச் சுளித்தாள். "பாத்தியா வசந்தா, ஃப்ராடுக் குடும்பத்துக்குத்தான் காலம். அடுத்த வருஷப் போட்டிக்கு அவளை வாசல்படி மிதிக்க விடமாட்டேன். நீ மட்டும் அன்னிக்குக் கண்டுபிடிக்கலேன்னா நம்ம தலையில மொளகா அரைச்சிட்டுப் போயிருப்பா."

குடம் நிறைந்து வழிந்தது. கழுத்தில் வெட்டிய பேர்மேல் தண்ணீர் ஓடியது. வசந்தகுமாரி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா புஷ்பா" என்றாள். "நான்தானே கண்டுபிடிச்சேன்."